தலைமையாசிரியரின் மூன்றாவது பாட்டு

தலைமையாசிரியரையும் சேர்த்துத் திண்டுக்கல்லிலிருந்து ஆசிரியர்கள் ஐந்து பேர் சிங்கப்பூர் வந்திருக்கிறோம். இன்று மதியம் மழைக்கு ஒதுங்கப் போய் ஒரு கரோக்கி கடைக்குள் நுழைந்தோம்.

சார் முதலில் மைக்கை வாங்கினார். காலை வழிபாட்டில் செய்வது போலவே இரண்டு தட்டு தட்டி, "ஹலோ, ஹலோ" என்று சோதித்துவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

இரண்டு பாட்டு முடிந்தும் மைக் கைமாறவில்லை. மற்ற நான்கு பேரும் கைதட்டக் கூட்டி வந்த ஆட்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாவது பாட்டு, கன்னிவாடியிலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் மாணவி ஒருத்தி ஆண்டு விழாவுக்காக ஒரு மாதம் பழகிய சினிமாப் பாட்டு. மேடை ஏறப் போனவளை நிறுத்தி, "இது பள்ளிக்கூடமா, சினிமாக் கொட்டகையா?" என்று கேட்டு அழவைத்தவர் இவர்தான்.

இன்று திரையில் ஓடிய வரிகளை அவர் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

"அம்புட்டையும் மனப்பாடமா வச்சிருக்காரு பாருங்க" என்றார் கணக்கு டீச்சர்.

வெளியே வந்ததும் சார், தான் பாடியதைப் படமெடுத்த என் கேமராவைப் பார்த்தார். "ஏம்ப்பா, இந்தப் போட்டோவ எங்கயும் போட்றாத. ஊருக்குள்ள நமக்குன்னு ஒரு மரியாத இருக்குல்ல."

"சரிங்க சார்" என்றேன்.

போட்டோவைப் போடவில்லை. எழுதுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாணவியின் அண்ணன் இங்கே முகநூலில் என் நண்பர் பட்டியலில்தான் இருக்கிறான். இதத் தங்கச்சிகிட்ட காட்டுப்பா.