அண்ணனின் கம்ப்யூட்டர் வாயடைத்துப்போன சனிக்கிழமை

நூலகத்தில் அவளுக்குப் பெயர் 'கம்ப்யூட்டர் அக்கா'. தலை முழுக்க நரைத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்தது என்னவோ நகல் எடுக்கும் அறையில்தான். நூலகத்துக் கம்ப்யூட்டர்கள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறியபோது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். எல்லாரும் மேலே சுற்றும் மின்விசிறியை வேடிக்கை பார்க்க, இவள் கையைத் தூக்கிவிட்டாள். மாலை வகுப்பில் சேர்ந்து, வீட்டில் எல்லாரையும் படுத்தி எடுத்து, ஒருவழியாகக் கற்றுக்கொண்டாள். இயந்திரங்களோடு வாய்ச்சண்டை போடுவது அவள் வழக்கம். பிரிண்டரைச் சோம்பேறி என்பாள், வாசல் பக்கத்துக் கம்ப்யூட்டரை அழுமூஞ்சி என்பாள். ஆனால் "முடியாது" என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு.

விசாரணை மேஜையில் உட்கார்ந்திருப்பவர் அவளுடைய அண்ணன். முன்பு புத்தகம் அடுக்குகிற வேலையில் இருந்தவர். பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒரு கட்டத்தில் மொத்தமாகப் போய்விட்டது. இனி என்ன செய்வது என்று வீடே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டு, இவள்தான் அவரை அந்த மேஜையில் உட்கார வைத்தாள். அதிலிருந்த கட்டைக்குரலுக்கு அண்ணன் 'கரகரப்பான்' என்று பெயர் வைத்தார். ஆரம்பத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசிய கரகரப்பான், அண்ணன் பழகப் பழக வேகமெடுத்தான். கடைசியில் அவன் பேசுவது மற்றவர்கள் காதில் வெறும் சலசலப்பாகத்தான் விழும். அண்ணனுக்கோ எந்த மாடி, எந்த அலமாரி, யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். வந்தவர்கள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து நிற்கும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேலிடத்து உத்தரவு வந்தது. லினக்ஸின் பழைய பதிப்பில் ஓடும் எந்தக் கம்ப்யூட்டரையும் திங்கட்கிழமையிலிருந்து நூலக வலையமைப்பில் விடமாட்டார்களாம். மற்றதையெல்லாம் அவள் ஏற்கெனவே அப்கிரேடு செய்துவிட்டாள். அண்ணனுடையதை மட்டும் தொடப் பயந்து தள்ளிப்போட்டிருந்தாள்.

"அது சரியா வரலைன்னா பரவாயில்லம்மா," என்றார் நூலகர். நல்ல மனுஷர்தான். "அண்ணன கொஞ்ச நாள் பைண்டிங் ரூம்ல உக்கார வெச்சுக்கலாம்."

'கொஞ்ச நாள்' என்றதும் அவள் மின்தூக்கியைத் திரும்பிப் பார்த்தாள். அதன் கதவில் 'தற்காலிகமாக இயங்காது' என்று ஒரு பலகை தொங்குகிறது. அதை எப்போது மாட்டினார்கள் என்று நூலகத்தில் யாருக்குமே ஞாபகம் இல்லை. பைண்டிங் அறைக்குள் போனால் அண்ணனும் அப்படித்தான் ஆவார் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து வேலைக்குப் போகிற மனுஷர், பார்வை போன புதிதில் இருந்ததுபோல மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

சனிக்கிழமை மதியம், வாசகர்கள் போன பிறகு வேலையைத் தொடங்கினாள். அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலில் அவருடைய கோப்புகளுக்கெல்லாம் நகல் எடுத்து வைத்தாள். பிறகு அப்கிரேடைத் தட்டிவிட்டாள். பாதிவரை ஒழுங்காகப் போனது. அப்புறம், பேசிக்கொண்டே இருந்த கரகரப்பான் ஒரு சொல்லின் நடுவில் நின்றுபோனான். திரை கறுத்து, வெள்ளை எழுத்துகள் மட்டும் மிஞ்சின.

"என்னாச்சு?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்ல. முரண்டு பிடிக்குது."

லினக்ஸில் எந்த மென்பொருளும் தனியாக வருவதில்லை. பேக்கேஜ் என்ற பொட்டலங்களாக வரும், ஒவ்வொரு பேக்கேஜும் வேறு சிலதை நம்பியிருக்கும். அது இருந்தால்தான் நான் வருவேன் என்று ஒன்று சொல்லும், இது இருந்தால் வாசல்படியே மிதிக்கமாட்டேன் என்று இன்னொன்று சொல்லும். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களைச் சமாளிப்பது போன்ற வேலை. இப்போது பழைய திரைவாசிப்பான் வெளியே போய்விட்டது, புதியது உள்ளே வர மறுக்கிறது. ஒலிக்கான பேக்கேஜ் புதிதாக இருந்தால்தான் வருமாம். அந்த ஒலி பேக்கேஜோ பழையதை விட்டு அசையவில்லை.

உடைந்ததைச் சரிசெய் என்று கட்டளை கொடுத்தாள். டெஸ்க்டாப் மொத்தத்தையும் நீக்கிவிடட்டுமா என்று கேட்டது. ஒருமுறை அவசரத்தில் இதே கேள்விக்கு 'ஆமாம்' போட்டு, குழந்தைகள் பிரிவுக் கம்ப்யூட்டரைத் துடைத்துவைத்த பாத்திரம் போலாக்கியவள் அவள். இந்த முறை 'இல்லை' என்று அழுத்தி, வாய்க்குள் திட்டினாள். ஒலி பேக்கேஜை மட்டும் தனியாக ஏற்றப் பார்த்தாள். அதுவும் நடக்கவில்லை. யாரோ எதையோ நகரவிடாமல் பிடித்துவைத்திருப்பதாகத் திரை திரும்பத் திரும்பச் சொன்னது.

"யாருடா அது என் வீட்டுக்குள்ள வந்து ஆணி அடிச்சது?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

ஒரு பேக்கேஜ் மாறவே கூடாது என்று நிறுத்திவைக்கும் கட்டளைக்கு அவள் வைத்த பெயர் அது, ஆணி அடிப்பது. அந்தக் கம்ப்யூட்டரில் அவள் எதற்கும் ஆணி அடிக்கவில்லை. நிறுத்திவைத்தது எது என்று கேட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு பெயர் வந்தது. கரகரப்பானுடைய குரல்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். அண்ணன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா. குரலுக்கு ஆணி அடிச்சது நீயா?"

கைப்பிடியைத் தடவிய கை நின்றது.

"புதுப் பதிப்புல அந்தக் குரல எடுத்துடுறாங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றார். "பிரிண்டர் சாஃப்ட்வேருக்கு ஆணி எப்படி அடிக்கிறதுன்னு நீதான சொல்லிக் கொடுத்த?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா பிடுங்கிடுவ."

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனால் அது வருவதற்குள் அண்ணனே பேசினார்.

"கண்ணு போனப்போ ஒவ்வொண்ணையும் புதுசா பழகினேன். படியெறங்க, சட்டை பட்டன் போட, எல்லாம். அவன் குரல்லதான் மறுபடி படிக்க ஆரம்பிச்சேன். இன்னொரு தடவ மொதல்லருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லம்மா. பயமா இருக்கு."

பொய் சொல்லித் தேற்றலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மனசு வரவில்லை.

"அந்தக் குரல் இனிமே இதுல ஓடாது. அது கேக்கறது பழைய ஒலி, மத்த எல்லாத்துக்கும் புதுசு வேணும். அவன் ஒருத்தன் நகராம நிக்கறதாலதான் மொத்தமும் நிக்குது. நான் எடுக்கட்டுமா?"

"வேண்டாம். நானே அடிச்சேன், நானே எடுக்கறேன். நகரு."

பேசாத கம்ப்யூட்டரின் முன்னால் அண்ணன் உட்கார்ந்தார். விரல் நுனியால் விசைகளைத் தேடி நிலைப்படுத்திக்கொண்டு தட்டத் தொடங்கினார். திரையில் வந்ததை அவள் வாய்விட்டுப் படித்தாள். ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வொரு வரியாக.

"ஏன் இவ்ளோ மெதுவா படிக்கற?" என்றார்.

"நான் கரகரப்பான் இல்ல, சாமி. மனுஷி."

அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்தபடியே கட்டளையை முடித்து அழுத்தினார். ஆணி கழன்றது. மறுபடி சரிசெய்யச் சொன்னதும் பேக்கேஜுகள் ஒன்றன்பின் ஒன்றாக, சண்டையே போடாதது போல உள்ளே வந்து உட்கார்ந்தன. கரகரப்பானை நீக்குவதாக ஒரு வரி வந்தது. அதையும் மறைக்காமல் படித்தாள். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தபோது ஒரு புதுக் குரல் பேசியது. தெளிவான, மரியாதையான குரல். நுழைவுச்சொல்லைக் கொடுங்கள் என்று அவ்வளவு நிதானமாகச் சொன்னது. ரொம்ப நாளைக்குப் பிறகு, அண்ணன் காதில் விழுவது அவளுக்கும் முழுசாகப் புரிந்தது. அண்ணனுடைய முகமோ தொங்கிப்போயிருந்தது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தார், சொற்கள் பிடிபடவில்லை. பழையபடி குறைத்துவைத்தார்.

"சரி, இந்தக் குரலுக்காவது நான் இப்பவே ஆணி அடிச்சு வெச்சிடறேன்," என்றாள். அண்ணனுக்காக எதையாவது செய்தாக வேண்டும் போலிருந்தது.

"வேண்டாம்மா. மாறினா மாறட்டும். அப்ப பாத்துக்கலாம்."

திங்கட்கிழமை விசாரணை மேஜையில் வரிசை நீண்டது. ஒவ்வொரு பதிலுக்கும் அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. வரிசையைப் பார்த்த நூலகர் இரண்டு முறை வந்து நின்றார்.

"புது ஆளு சார்," என்றார் அண்ணன், காதிலிருந்த இயர்போனைக் காட்டி. "ரொம்ப மரியாத பாக்கறான். பழக்கிடுவேன்."

நூலகர் வரிசையை இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். கம்ப்யூட்டர் அக்கா நகல் அறையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்து நகத்தைக் கடித்துத் தீர்த்தாள். ஆனால் மேஜைப் பக்கம் போகவில்லை. அண்ணன் தினமும் வீட்டுக்குக் கிளம்பும்முன் வேகத்தை ஒரு படி கூட்டிவைத்துவிட்டுப் போவார். மறுநாள் காலையில் சிரமப்படுவார், சாயங்காலத்துக்குள் பழகிவிடும். வரிசை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. பைண்டிங் அறைப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு மதியம், கையில் காகிதக் கட்டோடு அவள் அந்தப் பக்கமாகப் போனாள். மேஜையில் ஒரு மாணவி ஏதோ புத்தகம் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனின் இயர்போன் வயர் கம்ப்யூட்டரிலிருந்து கழன்று தொங்க, புதுக் குரல் வெளியே கேட்டது. அவள் நின்று காதுகொடுத்தாள். வெறும் சலசலப்பு. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. மாணவி கேட்டு முடிப்பதற்குள், "ரெண்டாவது மாடி, ஜன்னலோரம், கீழ்த்தட்டு," என்றார் அண்ணன்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தப் புரியாத பேச்சை இன்னும் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.