கூரை எதன்மேல் இருக்கிறது

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் பரந்தனில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. அதன் வரைபடங்களைக் கிளிநொச்சி அலுவலகம் ஒன்றிலிருந்து கணினியில் வரைபவள் நான். வேலைத்திட்டம் கணினியில் இல்லை. எந்த வேலை எப்போது என்று கோடு கோடாகக் கீறிய பெரிய தாளாக அது சுவரில் தொங்கியது. வரைபடத்தில் நான் ஒரு யன்னலை நகர்த்தினால் தாளுக்குத் தெரியாது. தாளில் ஒரு வேலை பிந்தினால் வரைபடத்துக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் செய்தி காவித் திரிந்தது நான்தான்.

அப்போதுதான் என் பள்ளித்தோழி விடுமுறையில் வந்தாள். வெளிநாட்டில் கட்டடப் பொறியியல் படித்து அங்கேயே வேலை செய்பவள். பூவரசங்குளத்தில் தாய்தகப்பனோடு கொஞ்ச நாள் நின்றுவிட்டு, மடிக்கணினியோடு என்னிடம் வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தின் வரைபடங்களைப் பார்த்து முழுக் கட்டடத்தையும் தன் கணினியில் எழுப்பி, ஒரு கோப்பாகத் தந்தாள். எந்த மென்பொருளும் வாசிக்கக்கூடியதாக, எல்லோருக்கும் பொதுவாக வகுத்த முறையில் எழுதப்பட்ட கோப்பு அது.

"இதைச் சும்மா எழுத்தாத் திறந்து பாரடி," என்றாள்.

திறந்தேன். படம் ஒன்றுமில்லை, வரி வரியாக எழுத்து. ஒவ்வொரு சுவருக்கும் கதவுக்கும் பீமுக்கும் தனித்தனி அடையாளக் குறி. அதுவரை சுவர் என்றால் எனக்கு இரண்டு கோடுகள். இப்போது அது கூப்பிடக்கூடிய ஓர் ஆள் மாதிரித் தெரிந்தது. எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை.

"அப்ப இந்தக் குறியைப் பிடிச்சு வேலைத்திட்டத்தையும் இதோட கொழுவலாமே?"

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "நானும் செய்து பாக்கேல்லை. செய்வமா?"

செய்தோம். எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் குட்டி வசனங்களாகக் கணினியில் எழுதினோம். இந்தச் சுவர் இந்தப் பீமில் நிற்கிறது. இந்தப் பீமுக்குக் கம்பி வேண்டும். இந்த வேலை இந்தச் சுவரைக் கட்டுகிறது. ஒரு வசனத்தின் முடிவு இன்னொன்றின் தொடக்கத்தில் போய்க் கொழுவிக்கொண்டது. கேள்வி கேட்டால் கணினி அந்தக் கொழுவல்களைப் பிடித்துக்கொண்டே போய் விடை தேடும். ஜெனரேற்றர் நிற்கும் நேரங்களில் தேத்தண்ணி குடித்தபடி அடுத்த வசனங்களைப் பற்றிச் சண்டை பிடித்தோம்.

ஒருநாள் காலை, வேலைத்தளத்தைப் பார்க்கும் அண்ணை வாசலில் வந்து நின்றார். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம் அவருடையது.

"கம்பி லொறி ஓமந்தை சோதனைச்சாவடியிலயே நிக்குதாம். எப்ப விடுவாங்கன்னு தெரியல. ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிடவா, மிஸ்?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "கொஞ்சம் இருங்கோ அண்ணை," என்று அவரைக் கதிரையில் இருத்திவிட்டுக் கணினியிடம் கேட்டோம்: புதுக் கம்பி இல்லாமல் எந்தெந்த வேலை செய்யலாம்?

திரையில் கட்டடம் வந்தது. செய்யக்கூடிய பகுதிகள் மட்டும் பச்சையாகின. முதலில் பச்சையானது, இன்னும் தூணே எழாத பிரதான கட்டடத்தின் கூரை!

அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார். "கூரைய ஆகாயத்துலயா மாட்டுறது?"

என் முகம் சுண்டிப்போனது. தோழிதான் முதலில் பிழையைக் கண்டாள். கூரை சுவரின்மேல் இருக்கிறது என்று நாங்கள் எழுதவே இல்லை. எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் ஒருவருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. அந்த வசனங்களை எழுதி மறுபடியும் கேட்டோம்.

பிரதான கட்டடம் முழுதும் சாம்பல் நிறமானது. மேற்குப் பக்கத்து ஒற்றைமாடி வகுப்பறைகள், அத்திவாரத்தின் மேலிருந்து ஓடு வரை, பச்சையாக நின்றன. அதற்கான பீம்களை முந்தி வந்த கம்பியில் ஏற்கெனவே போட்டிருந்தோம். சுவர்த் தாளில் அந்தப் பக்கம் கடைசியில் இருந்ததால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணை எழும்பித் திரைக்குக் கிட்ட வந்தார். "சுவர் எழுப்பலாம்னு எனக்கும் தோணுச்சு. ஓடு வரைக்கும் போகலாமா? மரம்?"

"மரம் வந்திட்டுது. முல்லைத்தீவு வியாபாரி போன கிழமையே இறக்கிப்போட்டார்," என்றேன்.

"அப்ப கதவு?"

கேட்டோம். கதவுகளும் பச்சை. அதன்பிறகு அவர் விடவில்லை. மேற்கை முடித்தால் ஆட்கள் எங்கே போவார்கள், கம்பி இன்னும் பிந்தினால் என்ன என்று கேள்விமேல் கேள்வி. ஒவ்வொரு விடைக்கும் நாங்கள் மூவரும் கிரிக்கெட் பார்ப்பவர்கள்போலச் சத்தம் போட்டோம். ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அன்று பின்னேரமே மேற்குப் பக்கம் கல் அடுக்கத் தொடங்கினார்கள்.

கம்பி பிறகு வந்தது. ஆனால் அதற்குள் மேற்கு வகுப்பறைகள் ஓடு போட்டு நின்றன. பள்ளிக்கூட அதிபர் ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "மாரி தொடங்கப்போகுது. பிள்ளையளைத் தகரக் கொட்டிலுக்கை வைச்சிருக்கேலாது. இதிலை இருத்தட்டா?" என்று கேட்டார். முழுக் கட்டடமும் முடிந்தபின் திறப்பது என்றுதான் திட்டம். இப்படியொரு வசனம் எங்களில் யாரும் எழுதியிருக்கவில்லை.

முதல் மழை கொட்டிய அன்று நான் அங்கே நின்றேன். தோழி அதற்குள் திரும்பிப் போயிருந்தாள். ஓட்டில் மழை இரைய, அதற்குமேலால் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அதைச் சொல்லவேண்டும் என்று சந்தியிலிருந்த தொலைபேசிக் கடைக்கு நனைந்தபடி ஓடினேன்.

"என்னடி, மூச்சு வாங்குது?" என்றாள் எடுத்தவுடன்.

"பிள்ளையள் உள்ளுக்கை இருக்கினமடி," என்றேன். மழை இரைச்சலாவது அவளுக்குக் கேட்கட்டும் என்று தொலைபேசியை வாசல் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.