ரேடியேட்டருக்கு ஒரு ஜன்னல்: கோச்சடையிலிருந்து கொட்டாம்பட்டி வரை

காலை 7.10, கோச்சடை. கிளம்பும்போது வண்டி ஓடியிருந்த தூரம் 18,412 கிலோமீட்டர். சொந்தச் செருப்பின் அளவே ஞாபகம் இல்லாத நான் இதைக் குறித்துக்கொண்டேன் என்றால், பயணம் எவ்வளவு முக்கியமானது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

என் வண்டி இருநூறு சிசி. எஞ்சினைத் தண்ணீர் சுற்றிவந்து குளிர வைக்கும் வகை. அந்தத் தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடுகிற ரேடியேட்டர், முன்சக்கரத்துக்குப் பின்னால் நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே காகிதம் போன்ற தகடுகள். கோச்சடையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு இது எதற்கு என்று என் மனைவி முதல் நாளே கேட்டாள். "வீட்டுக்கும் கடைக்கும் ரெண்டு கிலோமீட்டரு. எஞ்சின் சூடாகுறதுக்குள்ள கடை வந்துரும். அப்புறம் எதுக்கு அதைக் குளுர வைக்கணும்?"

போன ஐப்பசியில் வண்டிக்கு அடியில் பச்சையாக ஏதோ சொட்டியது. பக்கத்து வீட்டு அக்கா மருதாணித் தண்ணீரை ஊற்றிவிட்டார் என்று அவரோடு சண்டைக்குப் போனேன். பிறகுதான் தெரிந்தது, அது என் ரேடியேட்டரின் ரத்தம், பச்சைச் சாயம் கலந்த அந்தத் தண்ணீர். மேலூர்ப் பக்கம் போனபோது டிப்பர் லாரியிலிருந்து தெறித்த ஒரு ஜல்லிக்கல் தகட்டைத் துளைத்திருந்தது. புது ரேடியேட்டர் மாட்டிய கூலியோடு 7,400 ரூபாய். அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. இந்த வண்டிகளுக்கு முன்னால் மாட்டுகிறார்களே கம்பி வலை, கார்டு என்கிறார்களே, அது உண்மையில் காப்பாற்றுமா, இல்லை அழகுக்கா?

முகப்பு விளக்கு விஷயத்தில் பாதி விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஆன்லைனில் 650 ரூபாய்க்கு ஒரு கறுப்புக் கம்பிக் கூண்டு வாங்கி விளக்குக்கு மாட்டினேன். அன்று இருட்டிய பிறகு திருப்பரங்குன்றத்திலிருந்து திரும்பும்போது சாலையில் வரிசையாக ஸ்பீடு பிரேக்கர். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டேன். நான் நகர அதுவும் முன்னால் நகர்ந்தது. கம்பியின் நிழல்! பின்னால் வந்த ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "அண்ணே, வண்டி ஓட்டுறீகளா, தாயம் ஆடுறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது அந்தக் கூண்டு எங்கள் வீட்டு அடுப்படியில் பால் சட்டிக்கு மேல் இருக்கிறது. பூனையிடமிருந்து மிக நன்றாகக் காப்பாற்றுகிறது.

7.40, முனிச்சாலை. ஆறு கிலோமீட்டர். இங்கேதான் என் நண்பன் சிராஜின் அண்ணன் கிரில் கேட் பட்டறை வைத்திருக்கிறார். சிராஜ் அங்கே பதினைந்து வருடமாக வெல்டிங் அடிக்கிறான். ஆறு மாதமாகப் பட்டறையின் ஒரு மூலையில் ரேடியேட்டர் கார்டு செய்து பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டாம்பட்டியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அழகு என்பவர் போனில் சொல்லியிருந்தார்: "மாட்டுன வண்டியவே எங்க ஊருக்கு ஓட்டிட்டு வாங்க. தாங்குச்சுன்னா அம்பது எடுத்துக்கிறேன். பதினோரு மணிக்கு நான் திருச்சிக்குச் சரக்கெடுக்கப் போறேன். அதுக்குள்ள வரலன்னா அங்கேயே வேற எடுத்துருவேன்."

சிராஜின் அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைக்காமலே நிபந்தனை போட்டார். "ஆர்டர் வந்தா இந்த மூலை உனக்கு. வரலையா, திங்கக்கிழமை காலையில கிரில் கேட்டு வேலைக்கு வந்துரணும். கார்டு கார்டுன்னு என் உசுர வாங்கக்கூடாது."

"இன்ஷா அல்லா வந்துரும்" என்றான் சிராஜ். பிறகு என்னிடம் மெதுவாக, "மாப்ள, உன்னைத்தான் நம்பியிருக்கேன்" என்றான். என்னை நம்பி யாரும் இதுவரை ஒரு ஜெராக்ஸ்கூட நேராக எடுத்ததில்லை.

கார்டு பார்க்க நன்றாகவே இருந்தது. கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்புச் சட்டம், அதில் நெருக்கமான கண்களுள்ள வலை. கடுகு போகும், மிளகு போகாது. நான்கு போல்ட்டில் என் வண்டிக்கு மாட்டினான். விலை 900 ரூபாய். சிராஜைப் பின்னால் ஏற்றிக்கொண்டு 8.20-க்குப் புறப்பட்டேன்.

9.05, மேலூர். நான்கு வழிச்சாலையில் எதுவுமே நடக்கவில்லை. சூடு காட்டும் முள் நடுவில் நின்று தூங்கியது. டீ குடித்தோம், ஒன்று பன்னிரண்டு ரூபாய். சிராஜுக்கு இந்த அமைதி பிடிக்கவில்லை.

"மெயின் ரோட்டுல கல்லு எங்கடா தெறிக்கும்? டிப்பர் போற உள் ரோட்டுல போவோம் மாப்ள. ரெண்டு அடி வாங்குனாத்தானே அழகு அண்ணன்ட்ட காட்ட முடியும்?"

"அடி வாங்கப்போறது என் வண்டிடா."

"அதுக்குத்தானே கார்டு!"

கருங்காலக்குடிக்குச் சற்று முன்னால் இடதுபக்கம் பிரியும் கிராமத்துச் சாலையில் திரும்பினோம். ஐந்தாவது நிமிடம் ஒரு டிப்பர் எங்களைத் தாண்டியது. "டங்" என்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால், வலையின் இடது ஓரத்தில் நெல்லிக்காய் பதிந்த மாதிரி ஒரு பள்ளம். பின்னால் தகடுகளில் ஒரு கீறல் இல்லை. சிராஜ் அந்தப் பள்ளத்தைத் தடவிய தடவலில், பிறந்த குழந்தையின் கன்னம் தோற்றது.

9.45. அடுத்த திருப்பத்தில் சாலையே இல்லை. அதன்மேல் முழங்கால் உயரத்துக்குக் கொள்ளுச்செடி பரப்பியிருந்தார்கள். தை மாதத்தில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இது புதிதல்ல. அறுத்த செடியை ரோட்டில் போட்டுவிட்டால் போகிற வருகிற வண்டிகளே மிதித்து மணியைப் பிரித்துவிடும். ஓரத்தில் புடைக்கிற சொளகோடு ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், பெயர் பாண்டியம்மாள் என்று பிறகு சொன்னார். எங்களைக் கண்டதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, டிராக்டர்காரன் காலையில இருந்து வாரேன் வாரேங்குறான், ஆளக் காணோம். டீவியெஸ் அம்பதுதான் போகுது, அதுக்கு ஒரு மணி உதிர மாட்டேங்குது. இம்புட்டு பெரிய வண்டியா இருக்கே, அந்தப் புளியமரம் வரைக்கும் ஒரு நாலு ரவுண்டு அடிச்சுட்டுப் போங்களேன்."

என் வண்டியை இதுவரை யாரும் பெரிய வண்டி என்று சொன்னதில்லை. மனைவி சொன்னால் அது நக்கல். உடனே தலைக்கேறிவிட்டது. சிராஜ் முதுகில் குத்தினான். "நேரமாச்சுடா." நான் கேட்பேனா? முதல் கியரில், காலிரண்டையும் வாத்து மாதிரி விரித்துக்கொண்டு, பளிங்கில் எண்ணெய் கொட்டியது போல வழுக்கும் கொள்ளின்மேல் ரவுண்டு அடித்தேன். அவர் கேட்டது நான்கு. நான் போனது ஏழு. "நல்லா மிதிபடுதுண்ணே!" என்று அவர் கத்தக் கத்த, நான் ஒரு டிராக்டராகவே மாறிவிட்டேன்.

எட்டாவது ரவுண்டின் பாதியில் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ரேடியேட்டர் விசிறி விமானம் போல் இரைந்தது. இறங்கிப் பார்த்தால் வலையே தெரியவில்லை. கொள்ளின் தோலும் சருகும் நார்நாராக அப்பி, கார்டு ஒரு சாணி தட்டிய சுவர் போல இருந்தது. காற்றுப் போக ஒரு கண்கூட மிச்சமில்லை.

சிராஜ் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மணி 9.58.

"போச்சு. கல்லுல இருந்து காப்பாத்திட்டு, நானே கழுத்த நெரிச்சுட்டேன். கேட்டு வேலைதான் மாப்ள எனக்கு."

"ஏழு ரவுண்டு போனது நான்டா."

"அழகு அண்ணன் ஊர்க்காரங்க பூரா இப்படித்தானே போவாங்க? எல்லார் வண்டியும் இப்படித்தானே நிக்கும்?"

கார்டைக் கழற்றலாம் என்றால் ஸ்பேனர் முனிச்சாலையில் இருந்தது. கையால் பிய்க்கலாம் என்றால் வலை கொதித்தது. நான் கர்ச்சீப்பால் விசிறினேன். பாண்டியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னண்ணே, ஆளுக்கொரு பக்கமா எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீக? தள்ளுங்க."

களம் கூட்டும் ஈர்க்குமாற்றை எடுத்து வந்தார். மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு. அப்பியிருந்ததெல்லாம் அடை மாதிரி பெயர்ந்து விழுந்தது. வலைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். "உள்ள சுத்தமாத்தானே இருக்கு? எங்க வீட்டுக்காரரு ஓட்டுற லோடு வண்டியில வலை கெடையாது. சருகு உள்ள போயி அடைச்சு, போன வருசம் ஊசியால நோண்டுனாரு. நோண்டுன எடத்துலயே ஓட்டை. தண்ணி பூரா போச்சு."

சிராஜ் எழுந்து நின்றான். "அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"எத்தன தடவ சொல்லணும்? வெளியவே நின்னா கூட்டிறலாம். உள்ள போனா கூட்ட முடியுமா?"

எஞ்சின் ஆற இருபது நிமிடம் காத்திருந்தோம். சும்மா இருக்க வேண்டாமென்று அவர் தூற்றும்போது பக்கத்தில் நின்றோம். எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று பார்த்து நிற்கிற அறிவு இரண்டு பேருக்கும் இல்லை. 10.25-க்குக் கிளம்பினோம். வழியில் சிராஜிடம் சொன்னேன், "சூடே ஆகலன்னு அடிச்சு விட்டுருவோம். நான் சொன்னா நம்புவாரு." "மணியப் பாரு மாப்ள, ஓட்டு" என்றான்.

10.48, கொட்டாம்பட்டி. அழகு கடைக்கு வெளியே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பது வயது, பேசும்போது முகத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார்க்கிற மனிதர். குனிந்து பள்ளத்தைத் தொட்டார். "டிப்பரா?" தலையாட்டினோம். "சரி. சூடாச்சா?"

நான் வாயைத் திறந்தேன். "அதெல்லாம் ஒரு துளி..."

"ஆச்சுண்ணே" என்றான் சிராஜ். "கொள்ளுல ஓட்டுனோம். வலை அடைச்சு லைட்டு எரிஞ்சிருச்சு. வெளக்குமாத்தால கூட்டுனதும் சரியாப்போச்சு. கண்ண இன்னும் கொஞ்சம் பெருசா வச்சிருக்கணும். என் தப்புதான்."

அழகு முதன்முறையாக நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். "ஆகலன்னு மட்டும் சொல்லியிருந்தீக, அப்படியே பஸ் ஏறியிருப்பேன். மீசையப் பாருங்கய்யா ரெண்டு பேரும்." கடைக் கண்ணாடியில் பார்த்தேன். மீசை, புருவம், காது மடல், சட்டைக் காலர் எங்கும் கொள்ளுச் சருகு. நான் சொல்ல இருந்த பொய்க்கு என் முகமே எதிர்சாட்சியாக நின்றிருக்கிறது.

பிறகு வேலைப் பேச்சு. போல்ட்டுக்குப் பதில் கையால் திருகும் காது வைத்த நட்டு வேண்டும், வயக்காட்டில் ஸ்பேனருக்கு எங்கே போவது என்றார் அழகு. கண் பெரிதாக வேண்டும். "முதல்ல இருபது கொண்டாங்க. ஓடுச்சுன்னா மிச்சம் முப்பது." விளக்கு கார்டு பற்றி நான் கேட்டேன். "கம்பி வேண்டாம்ணே. டிப்பர் ரோட்டுல ஓட்டுறவனுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு போதும். ஊருக்குள்ள ஓட்டுறவனுக்கு அதுவும் வேண்டாம்." என் 650 ரூபாயைப் பற்றி நான் சொல்லவில்லை. பள்ளம் விழுந்த கார்டைக் கழற்றிக் கடை வாசலில் தொங்கவிட்டார். "இது இங்கயே கெடக்கட்டும். நூறு பேச்சு பேசுறதுக்கு இந்தப் பள்ளம் ஒண்ணு போதும்."

ஆக, திரும்பும்போது என் ரேடியேட்டர் மறுபடி வெறும் நெஞ்சோடு இருந்தது. மெயின் ரோட்டிலேயே வந்தோம். இருந்தாலும் டிப்பரைக் கண்டால் இருநூறு அடி பின்தங்கினேன். டிப்பர் இல்லாதபோது மணல் லாரிக்குப் பயந்தேன். மேலூர் வர ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. புல்லுக்கட்டோடு போன ஒரு டீவியெஸ் அம்பது எங்களை முந்தியது. "மாப்ள, எறக்கி விடு, நான் நடந்து முன்னால போயி டீ சொல்லி வைக்கிறேன்" என்றான் சிராஜ். போகும்போதும் இதே வண்டி, இதே நான்தான். காலையில் எனக்குள் இருந்த வீரம் முழுக்க நான்கு போல்ட்டில் நின்றிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

வீடு சேர்ந்தபோது மீட்டர் 18,537. கோச்சடைச் சாலையில் ஜல்லி தெறிப்பதில்லை, கொள்ளு காய்வதில்லை. குறுக்கே வருவது நாயும் தண்ணீர் லாரியும்தான், இரண்டையும் எந்த வலையும் தடுக்காது. கடைக்கும் வீட்டுக்கும் போகிறவனுக்குக் கார்டு வீண் செலவு என்பதே என் நேர்மையான முடிவு. இதை மனைவியிடமும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முனிச்சாலையில் நின்றேன், எனக்கு ஒன்று வேண்டுமென்று. பட்டறை மூலையில் சிராஜ் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தான். அவன் அண்ணன் டீ டம்ளரோடு கேட்டுப் பக்கம் ஒதுங்கி நின்றார். சிராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தான்.

"கொட்டாம்பட்டிக்கு இருபது முடியணும். இருபத்தொண்ணாவது ஆளு நீ. ஓரமா நில்லு மாப்ள, வெளிச்சத்த மறைக்காத."