நாலு நாளில் பரு போக்கும் ட்யூப்

மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு மாத்திரை பேர் தெரிந்தால் மட்டும் போதாது, ஒரே பேச்சை ஒரு நாளைக்கு நாற்பது தடவை பேசுகிற தொண்டையும் வேணும். நான் நகரிக்காரி. காலை ரயிலைப் பிடித்துத் திருப்பதி வந்து, ஜூனியர் காலேஜ் ஹாஸ்டல்கள் வரிசையாக இருக்கிற ஒரு தெருவில் ஃபார்மசிஸ்டாக நிற்கிறேன். தெருவில் பாதிப் பேருக்குப் பதினாறு, பதினேழு வயசு. அத்தனை முகத்திலும் எண்ணெய், பரு. பரு மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது வயசுக்கு வருகிறது, பெரும்பாலும் வயசோடு போகிறது. அதற்கு ஊர் உலகம் பண்ணுகிற வைத்தியம் இருக்கிறதே, அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. என்னைப் போல கவுண்டருக்குப் பின்னால் நின்று வெந்தவர்கள் இருந்தால் கேளுங்கள்.

காலி ட்யூப்

தினேஷ் வரதய்யபாளையம் பக்கத்துப் பையன், இன்டர் முதல் வருஷம், அதாவது பதினொன்றாம் வகுப்பு. நசுங்கிப்போன காலி ட்யூப் ஒன்றை நீட்டி, இதேபோல ஒன்று வேணும் என்றான். வாங்கிப் பார்த்தேன். படர்தாமரைக்குப் போடுகிற களிம்பு, ஸ்டீராய்டு கலந்தது, டாக்டர் சீட்டு இல்லாமல் தரவே கூடாது. "யாருக்குடா படை?" என்றேன். "படை இல்லக்கா, பருவுக்கு. ரூம்ல எல்லாரும் இதான் போட்டுக்கினு இருக்காங்க. நாலே நாள்ல போயிடுது."

நாலு நாளில் போகும், அப்புறம் நாலு மடங்காக வரும் என்று திட்டினேன். சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷை எடுத்துக் காட்டினேன். ராத்திரி பென்சாயில் பெராக்சைடு ஜெல், கம்மி வீரியத்தில், பட்டாணி அளவு போதும், பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும் என்றேன். பையன் முகம் தொங்கிப்போச்சு. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே போய் நின்றான். நான் சாப்பிட உள்ளே போன கால் மணி நேரத்தில், எங்கள் கடை சேல்ஸ்மேன் சுதாகர் அதே களிம்பை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டான். கேட்டால் பல்லைக் காட்டுகிறான்: "எதிர்க்கடையில வாங்கப் போறதை நம்ம கடையில வாங்கிக்கினு போறான், வுடுக்கா!"

வெளுத்த தலையணை

எங்கள் தெருவில் குடியிருந்து, கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீசிட்டி ஃபேக்டரிக்குப் போய்வருகிற ஒரு திருத்தணிக்கார அம்மா. மகனுக்கு பென்சாயில் பெராக்சைடு வாங்கிப் போனார். கலர் துணியில் பட்டால் சாயம் போய்விடும், வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை வைத்துக்கொள்ளுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். பத்தாம் நாள் நீலத் தலையணை உறையைக் கொண்டுவந்து கவுண்டரில் விரித்தார். நடுவில் ஒரு முகம் அளவுக்கு வெள்ளை. சரி, இன்றைக்கு நமக்குப் பூசைதான் என்று நின்றேன். அந்த அம்மா முகத்திலோ அப்படி ஒரு சந்தோஷம்!

"துணியையே இப்படி வெளுக்குதுன்னா மூஞ்சி எப்படி வெளுக்கும்! பொண்ணுக்கும் ரெண்டு குடுங்கம்மா, தை மாசம் கல்யாணம்."

மலைக்குப் போன நெற்றி

திருச்சானூர் லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிற ஒருத்தர் தன் பிள்ளையைக் கூட்டிவந்தார். பையனுக்குக் கன்னமெல்லாம் சுத்தம், நெற்றி மட்டும் கொத்துக் கொத்தாகப் பரு. காரணம் கண்ணுக்கு எதிரிலேயே வடிந்துகொண்டிருந்தது. தலையில் ஊற்றிய தேங்காயெண்ணெய் முன்முடியில் இறங்கி நெற்றியில் நின்றது. களிம்பே வேணாம் சார், முதலில் எண்ணெயை நிறுத்துங்கள் என்றேன். மூணு தடவை வந்தார், மூணு தடவையும் சொன்னேன். நல்லெண்ணெய்க்கு மாற்றினார், அவ்வளவுதான்.

அப்புறம் வேண்டுதல் என்று மலைக்குப் போய்ப் பையனுக்கு மொட்டை போட்டார்கள். முடி இல்லை, அதனால் எண்ணெய் இல்லை. ரெண்டு மாசத்தில் நெற்றி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. முடி வளர்ந்தது, எண்ணெய் வந்தது, பின்னாலேயே பருவும் வந்தது. இப்போதாவது புரிகிறதா சார் என்று கத்தாத குறையாகக் கேட்டேன். மனுஷன் பையிலிருந்து பிரசாதத்தை எடுத்து என் கையில் வைத்தார். "மறுபடி மலைக்குப் போனா சரியாயிடும்மா, நீங்க லட்டைச் சாப்பிடுங்க."

கர்ச்சீப்

ஒன்றரை மாசம் கழித்து தினேஷ் வந்தான். கண்ணுக்குக் கீழே முகம் முழுக்கக் கர்ச்சீப். அவிழ்க்கச் சொன்னேன். ஐயோ! கன்னம் வெந்த மாதிரி சிவப்பு, தோல் வெங்காயச் சருகாட்டம் மெலிசு, அதன்மேல் நூறு பரு. வெயிலில் நடந்தால் தீயாக எரிகிறதாம். ரெண்டு வாரமாக வகுப்புக்குப் போகவில்லை. காலேஜே வேண்டாம், நைனாகூடக் கொல்லையில் பயிர் வேலைக்குப் போயிடறேன் என்கிறான். படிக்கிற பிள்ளை! ஒரு களிம்புக்காகப் படிப்பை விடுகிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

வேலை முடிந்ததும் நானே அவனைத் தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். உடனே அதை நிறுத்தணும், நிறுத்தினால் கொஞ்ச வாரம் இன்னும் மோசமாகத்தான் தெரியும், அப்போது பயந்து திரும்பத் தொட்டால் மறுபடி முதலிலிருந்துதான் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதுவிட்டான். "போட்டா அடங்குதுக்கா, உட்டா எரியுது. நான் இன்னா பண்ணட்டும்?"

ஆணியில் தொங்குகிறவள்

மறுநாள் காலை நேரே முதலாளியிடம் போனேன். சீட்டு இல்லாமல் அந்தக் களிம்பை இனி இந்தக் கடையில் யாரும் விற்கக் கூடாது என்றேன். ஊரே விற்கிறது, நாம் மட்டும் சாமியாரா என்றார். சுதாகர் பின்னால் நின்று தலையாட்டினான். எனக்கு வந்ததே ஆத்திரம்! இந்த மாதிரிக் கடைகளில் சுவரில் ஃபார்மசிஸ்ட் சர்டிபிகேட் தொங்குமே, பார்த்திருப்பீர்கள். எங்கள் கடையில் தொங்குவது என்னுடையது. அது இல்லாமல் ஷட்டரைத் தூக்க முடியாது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன், பிரேமைக் கழற்றினேன், தூசியை முந்தானையால் துடைத்து என் பைக்குள் வைத்தேன்.

கடைக்கு வந்த ஆட்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்கிறார்கள். முதலாளி அந்த ட்யூப்களை வாரித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். "சரேம்மா, சரே! முதல்ல அதை ஆணியில மாட்டுங்க, எதிர்க்கடைக்காரன் பாக்கறான்."

யார் கொடுத்தது

தினேஷ் தாக்குப்பிடித்தான். எரிச்சலோடு, வீக்கத்தோடு, ரூம் பையன்கள் கேலியோடு தாக்குப்பிடித்தான். ரெண்டரை மாசம் கழித்துக் கர்ச்சீப் இல்லாமல் வந்தான். சிவப்பு பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. அங்கங்கே பரு, சாதாரணப் பரு. ஒரு பருவைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டானாம். ரூமிலிருந்து மூணு பேரை, அதே வெந்த கன்னங்களோடு, டாக்டரம்மாவிடம் என்னையே கூட்டிப்போகச் சொல்லி அழைத்துவந்திருந்தான்.

மூணு முகத்தையும் பார்த்ததும் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. உங்கள் ரூமுக்குள் முதல் ட்யூப் எந்தக் கடையிலிருந்து வந்தது சொல்லுங்கடா, கொடுத்தவனைக் கிழித்துத் தோரணம் கட்டாமல் விடமாட்டேன் என்று தெருவே கேட்கக் கத்தினேன். பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தினேஷ்தான் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். "நீங்கதாங்கக்கா. மழைக்காலத்துல எங்க ரூம் நவீன் தொடைப் படைக்கு டாக்டர் சீட்டு எடுத்துக்கினு வந்தான், நீங்க குடுத்தீங்க. ரெண்டு வேளை போடுன்னீங்க, நல்ல மருந்துன்னீங்க, மூஞ்சிக்குப் போடாதன்னு சொல்லலியே."

அன்றிலிருந்து எந்த ட்யூப் கொடுத்தாலும் எங்கே போடக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன், எங்கே போடணும் என்பதைச் சொல்ல மறந்து பாதிப் பேரைத் தெருவிலிருந்து திரும்பக் கூப்பிடுகிறேன்.