சாராள் தட்டிவிட்ட பால் புட்டி

முப்பத்து மூன்று வயதில் சாராள் சைக்கிள் ஓட்டக் கற்றாள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, தாலுகா ஆபீசுக்கு ஏழு தடவை நடந்து ரேஷன் கார்டைத் தன் பேருக்கு மாற்றினாள். கும்மிடிப்பூண்டியில் ஆதிநாராயணன் நடத்திய, வண்டிக்கு பாடி கட்டும் ஷெட்டில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தவள், நாலு வருஷத்தில் குழாய்களில் ஒழுக்கு பார்க்கிற ஆளாக உயர்ந்தாள். அங்கே ஸ்பானர் பிடித்த முதல் பெண் அவள்தான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்கப் புடவை சரிப்படாது என்று சுடிதாருக்கு மாறினபோது சர்ச்சில் ஒரு மாசம் அதே பேச்சு. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேசினவர்களுக்கே அலுத்துப்போய் நிறுத்திவிட்டார்கள்.

இத்தனைக்கும் அவள் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. அக்கா விக்டோரியா ஐந்தாவது வரைக்கும் போனதே, கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள சாராள் வீட்டில் நின்றதால்தான்.

2006 ஆகஸ்டில் பழவேற்காட்டு இறால் வியாபாரி முஸ்தபா ஷெட்டுக்கு வந்தார். நாகூர், ஏர்வாடி, அஜ்மீர் என்று குடும்பத்தோடு போய்வர, சமையல் மேடையும் படுக்கையும் குளியலறையும் உள்ள வண்டி அவருக்கு வேண்டும்.

"எல்லாத்தையும் விட முக்கியம் வெந்நீர். விடியக்காலைல சுபுஹு தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யணும். பச்சத் தண்ணி பட்டா எங்க ஊட்ல அவளுக்குக் கை மூட்டு புடிச்சிக்குது" என்றார். கூட வந்திருந்த அவர் மனைவி சாயிரா பானு தலையை ஆட்டினாள்.

கரண்டு ஹீட்டர் வைக்கலாம். ஆனால் நடு ரோட்டில் பிளக் சொருக எங்கே போவது? கூரை மேல் சூரிய ஒளித் தகடு வைத்தால் சாயங்காலம் கொதிக்கும், விடியற்காலையில் ஆறிப்போகும். கடைசியில் மேஸ்திரி மோகன்ராஜ் சொன்னதுதான் நின்றது.

"எஞ்சின் சூட்ட சும்மா காத்துல உட்டுக்கினு போறோம். காலைல கொஞ்ச நேரம் எஞ்சின ஓட்டினா அதுலயே காச்சிடலாம் மொதலாளி."

வழி இதுதான். எஞ்சினைக் குளிர வைக்க அதற்குள் ஓடுகிற பச்சை நிறக் கூலண்ட், சூடேறினபின் ஒரு செம்புக் குழாய்ச் சுருள் வழியாகப் போகும். அந்தச் சுருள் வெந்நீர்த் தொட்டிக்குள் முங்கிக் கிடக்கும். சூடு மட்டும் தண்ணீருக்கு இறங்கும். கூலண்டும் தண்ணீரும் ஒன்றையொன்று தொடவே கூடாது. கூலண்ட் விஷம்.

செம்புக் குழாய் ஒன்றரை அடி குறைந்தது. மோகன்ராஜ் ஒரு துண்டை ஒட்டுப்போட்டுப் பற்றவைத்தான். ஒட்டு தொட்டிக்குள்ளேயே போய்விட்டது. சுருளுக்குள் காய்ச்சாத குளிர்ந்த தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்துப் பார்த்தான், சொட்டுக்கூடக் கசியவில்லை. சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டான்.

"சூட்டோட ஒரு தபா பாக்கணும் மேஸ்திரி" என்றாள் சாராள்.

"அதுக்கு ஷீட்டுல கட்டமே இல்ல யக்கா. இருந்தா மட்டும் நீ இன்னா எழுதப் போற?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சாராளும் கூடச் சிரித்துவிட்டு, தன் வழக்கப்படி கூலண்ட் டப்பாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டினாள். எழுத்துத் தெரியாதவளுக்கு அதுதான் கணக்கு நோட்டு.

நவம்பர் 2, வியாழக்கிழமை. மழை மூட்டம். வண்டியை ஒப்படைக்கும் நாள். முஸ்தபாவின் மகள் பர்ஹானா எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஆதிநாராயணன் சூலூர்பேட்டை வரைக்கும் ஓட்டிக் காட்டித் திரும்பினார். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். சாராள் லட்டைத் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டு, முன்பக்க மூடியைத் தூக்கினாள்.

எஞ்சின் சூட்டில் கூலண்ட் ரப்பர் பேண்டுக்கு மேலே ஏறியிருக்க வேண்டும். இரண்டு விரல்கடை கீழே கிடந்தது.

வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைத் தள்ளிப் பார்த்தாள். குழாய் இணைப்புகளைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். அட்டையும் துணியும் காய்ந்தே இருந்தன. வெளியே போகவில்லை. அப்படியானால் உள்ளே எங்கே?

வண்டிக்குள் குழந்தை அழுதது. "வெந்நிதான் ரெடியா கீதே, பாலக் கலக்குமா" என்று சாயிரா பானுவின் குரல். குழாய் திறக்கிற சத்தம்.

சாராள் படியில் ஏறினது அவளுக்கே நினைவில்லை. பால் புட்டி குழந்தையின் உதட்டுக்கு அருகில் இருந்தது. ஒரே தட்டு. புட்டி சமையல் மேடையில் மோதித் தரையில் விழுந்தது. பர்ஹானா குழந்தையை இறுக்கிக்கொண்டு அலறினாள்.

"யா அல்லா! பைத்தியமாடி ஒனக்கு?" சாயிரா பானு சாராளின் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

ஆதிநாராயணன் ஓடிவந்தார். "கஸ்டமர் கொழந்த மேல கை வெக்கிறியா? எறங்குடி கீழ! இன்னியோட நீ வேலைக்கு வராத!"

"வர்ல மொதலாளி. இந்தத் தண்ணிய மட்டும் யாரும் வாயில வெக்காதீங்க. கூலண்ட் கலந்துகீது."

"நான் டெஸ்ட் பண்ணி கையெழுத்துப் போட்டுக்கிறேன்" என்றான் மோகன்ராஜ். "எழுதப் படிக்கத் தெரியாத பொம்பள சொல்றத நம்புவீங்களா?"

சாராள் கை கழுவ வைத்திருந்த வெள்ளை எனாமல் பேசினை எடுத்துவந்து, தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தாள். ஆவி பறக்கத் தண்ணீர் இறங்கியது. வெள்ளைப் பேசினில் அது வெளிர்பச்சையாக நின்றது. கூடவே ஒரு தித்திப்பு வாசனை.

மோகன்ராஜ் விரலை நனைத்து முகர்ந்து பார்த்தான். முஸ்தபா வண்டிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பர்ஹானா... இதுக்கு முன்னாடி குடுத்தியா?"

"இல்ல வாப்பா. ரோட்டுல தூங்கிட்டா. இதான் மொத புட்டி."

சாயிரா பானு குழந்தையின் உதட்டை முந்தானையால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். தள்ளிவிட்ட அதே கையால் சாராளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே தொட்டியை அறுத்தார்கள். ஒட்டில் தலைமுடி அளவு விரிசல். சூட்டில் மட்டும் வாய் திறக்கிற விரிசல். மோகன்ராஜ் குத்துக்காலிட்டு அதை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு எழுந்துவந்து, "யக்கா, என்ன மன்னிச்சிடு" என்றான்.

முஸ்தபா வண்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. "ரெண்டு வாரம் கழிச்சி வரேன். சூட்டோட சோதிச்சது இந்தம்மான்னு காகிதத்துல இருக்கணும். இருந்தாதான் எம் பேத்தி இதுல ஏறுவா."

ஆதிநாராயணன் தலையைக் குனிந்துகொண்டார். "வேலைக்கு வராதன்னு சொன்னது என் தப்பு. கைரேகை வெச்சிடலாம் பாய்."

"வாணாம் மொதலாளி" என்றாள் சாராள். "ரேகை வெச்சா நாளைக்கும் எவனாவது சிரிப்பான். நான் எழுதறேன்."

ஒட்டில்லாத ஒரே குழாயில் புதுச் சுருள் வளைத்தார்கள். மூன்று முறை சூலூர்பேட்டைக்கு ஓட்டி, மூன்று முறையும் சூட்டோடு தொட்டியிலிருந்து தண்ணீர் பிடித்துப் பார்த்தாள் சாராள். சோதனைத் தாளில் அதற்கென்று புதுக் கட்டம் கோடு போடப்பட்டது. வேலை முடிந்து வந்ததும் விக்டோரியா பழைய காலண்டர் தாளின் முதுகில் நாலு எழுத்தை எழுதிக் கொடுப்பாள். தங்கை அதன் கீழேயே எழுதுவாள். 'ரா' இரண்டே நாளில் வந்துவிட்டது. 'ள்' மட்டும் எட்டு நாள் அடம்பிடித்தது.

முஸ்தபா குடும்பத்தோடு வந்து நின்றார். சாராள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை ஸ்பானர் மாதிரி இறுக்கிப் பிடித்து, புதுக் கட்டத்துக்குள் அப்பா பேரின் முதலெழுத்தோடு 'ம. சாராள்' என்று எழுதினாள். 2006 நவம்பர் 18, சனிக்கிழமை.