மைக்கில் எரிந்த பல்பு

ஆறுமுகத்தாய் போராடி வாங்கியவை: ஐந்தாம் வகுப்புக்கு மேல் மூன்று வருஷப் படிப்பு, பெண் பிள்ளைக்குக் கரண்ட் வேலை எதற்கு என்று கேட்ட வீட்டில் ஒரு சோல்டரிங் அயர்ன், தபாலில் படித்து ஒரு ரேடியோ சர்டிபிகேட், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிப்பேர் கடையில் உட்கார ஒரு ஸ்டூல். இவற்றில் மூன்றுக்குக் குறுக்கே நின்றவர் அண்ணன் செல்லப்பா. கடை அவருடையது. இந்தப் பட்டியலை வருகிறவர்களிடம் வரிசை பிசகாமல் ஒப்பிப்பவரும் அவர்தான். குறுக்கே நின்றதை மட்டும் விட்டுவிடுவார்.

1988இல், கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நான்கு நாள் இருந்தபோது மைக்செட் பெத்துராஜ் வந்தார். அவருடைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிட்டது. மதுரையில் பழைய சாமானாக வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் பவர் சப்ளையை மேஜைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, இது பன்னிரண்டு வோல்ட்தான் தருதாம். முந்நூறு வேணும். முடியுமா?"

செல்லப்பா கம்ப்யூட்டரைப் பத்திரிகைப் படத்தில்தான் பார்த்திருந்தார். "இதெல்லாம் ஒரு வேலையா வே," என்றார்.

மூடியைக் கழற்றி, பிளக்கைச் சொருகி, மீட்டரை வைத்தார். கரண்டைத் தேக்கிவைக்கும் இரண்டு பெரிய கண்டென்சர்களில் முந்நூற்றுச் சொச்சம் வோல்ட் சும்மா நின்றது. இதைக் கவனிக்காமல் விட்ட கம்பெனிக்காரனை நினைத்துப் பரிதாபப்பட்டார். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு விரலை வைத்தார். பிளக்கைப் பிடுங்கிய சேதி கண்டென்சருக்குப் போய்ச் சேரவில்லை. மறு கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் எதிரே மம்மதுவின் டீக்கடையில் போய் விழுந்தது.

அதற்குப் பிறகாவது யோசித்திருக்கலாம். அதே இடத்திலிருந்து இரண்டு வயர் இழுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தார். பாடியது. வேலை முடிந்த சாமானில் 'சோதித்தது, ஆபத்தில்லை' என்று அட்டை கட்டிக் கையெழுத்திடுவது கடை வழக்கம். போட்டார். அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

சாப்பிட்டுவிட்டு வந்த ஆறுமுகத்தாய் கேட்டாள்: "அண்ணே, எங்கன இருந்து சோதிச்ச?"

"ஸ்டூல்லதான்."

"கால்ல?"

"ரப்பர் செருப்பு."

அவள் ஒரு பல்பின் ஒரு வயரை மைக்கின் இரும்பு உடம்பிலும் மற்றதைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தாள். பல்பு அரை வெளிச்சமாக எரிந்தது.

"கோயில் வாசல் ஈரத்தரை. காணாமப்போன பிள்ளையக் கூப்பிட வெறுங்காலோட மைக்கைப் பிடிக்கப்போறது யாரு?"

பெத்துராஜ்தான். அவர் மெல்ல எழுந்து தெருவில் போய் நின்றுகொண்டார்.

"பாடிச்சேட்டி," என்றார் செல்லப்பா.

"பாடும். பிடிச்ச ஆளு இருக்கணும்லா. இந்தப் பெட்டியில பாதி கரண்ட் லைனோட ஒட்டினது, பாதி டிரான்ஸ்பார்மரால பிரிச்சது. நீ ஒட்டின பாதியில வயர் இழுத்திருக்க."

அந்த வயர்களை வெட்டினாள். பிரித்த பக்கத்திலிருந்து முந்நூறு வர அந்தப் பெட்டிக்குள் இருந்த டிரான்ஸ்பார்மரைப் புதிதாகச் சுற்ற இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கி, ரெசிஸ்டர் வைத்துக் கண்டென்சரில் தேங்கியதை இறக்கி, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே தொட்டாள். அப்போதும் இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது; தப்பித்தவறி ஷாக் அடித்தாலும் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயக் கூடாது. செல்லப்பா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். நாற்பத்தோரு தடவை. ஒன்றில்கூட அவள் அவசரப்படவில்லை. எண்ணுவதிலேயே அவர் இரண்டு தடவை பிசகினார்.

மறுபடி மைக்குக்கும் குழாய்க்கும் நடுவே பல்பை வைத்தாள். எரியவில்லை. பெத்துராஜ் உள்ளே வந்தார்.

செல்லப்பா தன் அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதி அவள் முன் நகர்த்தினார்.

"கடை உன் பேர்லல்லா இருக்கு?"

"மைக்கைப் பிடிக்கவன் என் கையெழுத்தை நம்பமாட்டான். நீ போடு தாயி."

பெத்துராஜ் மறுக்கவில்லை. அவள் தன் பெயரை முழுசாக எழுதி, கீழே தேதி போட்டாள்: 26.7.1988.