அண்ணன் களத்தில் செய்தது தாய்ச்சி

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் அவரை “பாவம், சிங்கப்பூர்ல தலையில அடிபட்ட மனுசன்” என்றுதான் அறிவீர்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். அதைச் சரிசெய்யாமல் அவர் படத்துக்கு மாலை போட எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் எழுதிப் பழக்கமில்லாத நான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

அண்ணன் குன்னத்துக்குப் பக்கத்தில், மானாவாரிக் காட்டை நம்பிய வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பருத்தி எடுப்பு, வெங்காய வெட்டு என்று பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொஞ்ச காலம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் வேலை. பிறகு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். என் கணவர் இறந்து, நான் ஒன்றரை வயதுக் குழந்தையோடு பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது அண்ணன் போனில் சொன்னது இவ்வளவுதான்: “அழுவாத தங்கச்சி. புள்ளைக்கு இனிமே நான் இருக்கேன்.” சொன்னபடியே இருந்தார். அண்ணிக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை. என் மகளைத்தான் இரண்டு பேரும் பிள்ளையாக வளர்த்தார்கள்.

சிங்கப்பூரில் ஏணியிலிருந்து வழுக்கி அவருக்கு வலது முழங்கால் கெட்டது. முழங்கால்தான், தலை இல்லை. கட்டுப் பிரித்த பிறகும் நடை தடுமாறியது. பட்டறையில் ஸ்டோர் பார்த்த சீனர் ஒருவர், அண்ணன் வயதுதான், ஞாயிற்றுக்கிழமை காலையில் தன்னோடு பூங்காவுக்கு வரச் சொன்னாராம். போனால், அங்கே இருபது முப்பது பேர் சத்தமே இல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் நடப்பவர்கள் போல மெதுவாகக் கைகால்களை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அதுதான் தாய்ச்சி. முதலில் பின்வரிசையில் நின்று பார்த்துப் பார்த்துச் செய்தவர், ஊர் திரும்பும்வரை ஒரு ஞாயிறும் விடவில்லை. நடையும் திருந்தியது.

ஊருக்கு வந்ததும் சோளம் காயவைக்கும் களத்தில் விடியற்காலையில் தனியாகச் செய்ய ஆரம்பித்தார். “இது என்னண்ணே, டான்ஸா, பூசையா?” என்று கேட்டேன். வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டே விளக்குவார்.

“சண்டைக் கலைம்மா இது. மெதுவாப் பழகுறது ஒடம்பு கேக்கறதுக்கு.” மலையில் தவமிருந்த ஒரு சாமியார், பாம்பும் கொக்கும் சண்டையிட்டதைப் பார்த்து உண்டாக்கினார் என்று சீனர்கள் ஒரு கதை சொல்வார்களாம். “அது கதை. படிச்சவங்க சொல்றது வேற. சென் வகையறான்னு ஒரு குடும்பம், ஒரே ஊரு. பல தலைமொறையா தங்களுக்குள்ளயே வச்சிருந்தாங்க.” பிறகு யாங் என்ற வெளியாள் ஒருவர் அங்கே போய்க் கற்றுக்கொண்டு, தலைநகரம்வரை கொண்டுசென்றாராம். அப்படியே வூ என்று இரண்டு குடும்பம், சுன் என்று ஒரு குடும்பம். சென் வகையில் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும்போது படாரென்று ஒரு வேகம் வெடிக்கும். யாங் வகை விரிந்து, ஒரே சீராக ஓடும். வூ வகையில் அசைவு சிறியது. சுன் வகையில் ஒரு கால் முன்னே போனால் மறுகால் கூடவே ஒட்டி வரும். அண்ணன் கற்றது யாங். “நம்ம பங்காளி வூட்டுக் கொழம்பு மாதிரிதான். மொளகா அதே மொளகா, கைதான் வேற” என்று சிரிப்பார்.

தாய்ச்சி என்றால் எல்லாம் இரண்டாகப் பிரிவதற்கு முந்தைய பெருநிலையாம். அதிலிருந்துதான் யின், யாங் என்று இரண்டு பக்கம் வந்தது என்பார். இந்த யாங்குக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. இருளும் வெளிச்சமும், இளகலும் இறுக்கமும். அதை அவர் காலில்தான் காட்டுவார். ஒரு காலில் எடை முழுவதும் இருக்கும்போது மறுகால் காலியாக இருக்க வேண்டும். யாராவது தள்ளினால் எதிர்த்துத் தள்ளக்கூடாது. இடம் கொடுத்துத் திரும்பினால் தள்ளியவனின் பலமே அவனைச் சாய்த்துவிடும்.

இதைப் பழக இரண்டு பேர் வேண்டும். கையோடு கை ஒட்டிக்கொண்டு ஒருவரையொருவர் மெதுவாகத் தள்ளிப் பார்க்கும் பயிற்சி அது. பெரம்பலூர் மாவட்டத்தில் அவர் ஆளுக்கு எங்கே போவார்? அண்ணியைக் கூப்பிட்டார். “ஊரு சிரிக்கும், போங்க அந்தாண்ட” என்று அண்ணி உள்ளே போய்விட்டார். என்னைக் கேட்டார். எனக்குத்தான் வீம்பு ஜாஸ்தியாயிற்றே! இரண்டு கையாலும் முழுப் பலத்தோடு ஒரு தள்ளு தள்ளினேன். அவர் இடுப்பை லேசாகத் திருப்பினார். நான் சோளக் குவியலில் போய் விழுந்தேன். அன்று நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் மறுபடியும் பல தடவை கூப்பிட்டார். எனக்கு வேலை இருந்தது.

என் மகளுக்கு ஜெயங்கொண்டம் பக்கமிருந்து நல்ல வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் இருவர் சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே விசாரிக்க வந்துவிட்டார்கள். களத்தில் அண்ணன் கண்ணை அரைவாசி மூடி, மேகத்தை விலக்குவதுபோல வெறுங்காற்றில் கைகளை வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் பெரியவர் நேராகவே கேட்டார்: “தாய்மாமனுக்கு என்னங்க? வம்சத்துல இருக்குங்களா?”

தாய்ச்சி என்று ஒன்று உண்டு, சீனாவில் இப்படி, சிங்கப்பூரில் இப்படி என்று நான் சொல்லியிருக்கலாம். நம்புவார்களோ மாட்டார்களோ என்று பயந்தேன். வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். “வம்சமெல்லாம் இல்லீங்க. சிங்கப்பூர்ல வேலையில தலையில அடிபட்டுருச்சு. மாத்திரை சாப்புடுறாரு. இனிமே அப்படிச் செய்யமாட்டாரு.”

அந்த நேரம் பார்த்து அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து நின்றார். நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்க” என்றார்.

வரன் கூடிவந்தது. கல்யாணத்தில் தாய்மாமன் சீர் குறைவில்லாமல் செய்தார். சம்பந்தி வீட்டார் அவரிடம் சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல மெதுவாக, சத்தமாகப் பேசினார்கள். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். பந்தலில் ஆரம்பித்த பேச்சு உறவு முழுக்கப் பரவியது. எந்தப் பஞ்சாயத்திலும் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பொய் சொன்ன நாளிலிருந்து அவர் களத்துக்குப் போகவே இல்லை. “அண்ணே, வூட்டுக்குள்ளயாவது செய்யேன்” என்று நானும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக யாராவது பார்த்துவிட்டால் என் மகள் வாழ்க்கை என்னாவது என்ற பயம். இடம் கொடுக்கிறவரிடமிருந்து நான் மொத்த இடத்தையும் எடுத்துக்கொண்டேன்.

நாலு வருடத்தில் முழங்கால் மறுபடி இறுகிவிட்டது. கோல் ஊன்றினார். ஒருநாள் மோட்டார் கொட்டகை வாசலில் சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. பெரம்பலூரில் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. “முன்னாடி எதாவது உடற்பயிற்சி செஞ்சுட்டிருந்தாரா?” என்று டாக்டர் கேட்டார். “இல்லீங்க சார்” என்றேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். தாய்ச்சியை விடாமல் இருந்தால் விழுந்திருக்கமாட்டார் என்று எந்த டாக்டரும் என்னிடம் சொன்னதில்லை. நானேதான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அங்கேயே நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறிய நாட்களில் ஒரு மத்தியானம், அண்ணி சாப்பிடப் போயிருந்தார். துணிந்து கேட்டேன்.

“ஏண்ணே, அன்னைக்கு நான் சொன்னது ஒனக்கு வருத்தமா?”

ஊஹூம், அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வார் என்றுதான் கேட்டேன். எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

“வருத்தந்தான் தங்கச்சி” என்றார். பிறகு, “புள்ள நல்லாருக்கால்ல?” என்றார்.

“இருக்காண்ணே” என்றேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நர்ஸ் வந்துவிட்டார். சாயந்தரம் சொல்லலாம் என்று விட்டேன். சாயந்தரம் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து அவர் திரும்பவில்லை.

காரியம் முடிந்தபின் என் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “மாமா எனக்காகவா பைத்தியம்னு பேரு வாங்கிட்டு இருந்தாரு?” என்று கேட்டு அழுதவளை என்னால் தேற்ற முடியவில்லை. பிறகு அவளே சொன்னாள்: “அச்சுல போடும்மா. எங்க வூட்ல நான் பேசிக்கிறேன்.”

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், கூப்பிட்ட குரலுக்குக் காரோடு வந்து நின்ற பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், பாடை சுமந்த பங்காளிகளுக்கும், சேதி கேட்டு வெகுநேரம் போனில் அழுத, அவரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போன சிங்கப்பூர் நண்பருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. சம்பந்தி வீட்டாருக்கு: நீங்கள் அன்று கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். கோபத்தை என்மேல் வையுங்கள், பிள்ளைமேல் வேண்டாம். எங்கள் அண்ணன் கடைசிவரை தெளிந்த புத்தியோடு இருந்தார். இதை அவர் கேட்கும்படி சொல்ல எனக்கு நாலு வருடம் இருந்தது. அவர் படிக்க முடியாத புத்தகத்தில் இப்போது எழுதுகிறேன்.